கடைசிப் பத்தியில் இருந்த எண்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு காலையில், எங்கள் நாளிதழ் அலுவலகத்துக்கு ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவச் செய்திகளைப் பார்ப்பவர் யார் என்று கேட்டிருக்கிறார். இணைப்பை என்னிடம் கொடுத்தார்கள். "சார், இன்றைய பேப்பரில் போட்டிருக்கிறீர்களே, அந்த மூட்டுவலி மாத்திரையைத்தான் அம்மா மூன்று வருடமாகச் சாப்பிடுகிறார். காலையிலேயே நிறுத்திவிட்டேன். சரிதானே?"

'மாரடைப்பு ஆபத்து இரு மடங்கு: ஆய்வில் தகவல்' என்ற அந்தத் தலைப்பு நான் வைத்தது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆய்வாளர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால், எதைப் போல இரு மடங்கு? அந்த விவரம், ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு என்ற கணக்கு, செய்தி நிறுவனம் அனுப்பிய பிரதியின் கடைசிப் பத்தியில் இருந்தது. பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். முந்தைய இரவு நான் வெட்டியது அந்தப் பத்தியைத்தான்.

எண்ணிக்கை இல்லாத 'இரு மடங்கு' எவ்வளவு தூரம் போகும் என்பதை பிரிட்டன் 1995இல் பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபரில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. மருத்துவர்களுக்கு எழுதிய கடிதம் பலரின் கைக்குப் போய்ச் சேருமுன்பே செய்தி ஊடகங்களில் வந்துவிட்டது. பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பேரில் ஒருவருக்கு ரத்தம் உறைந்தது. புதியதில் 7,000 பேரில் இருவருக்கு. அந்த 'இரு மடங்கு' இவ்வளவுதான். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். இத்தனைக்கும், கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

தமிழில் எழுதும் எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் தன்மை இருக்கிறது என்பது ஒன்று. அந்தத் தீங்கு எனக்கு நேர எவ்வளவு சாத்தியம் என்பது வேறொன்று. இரண்டுக்கும் நாங்கள் 'ஆபத்து' என்றே எழுதிவிடுகிறோம். 'வாய்ப்பு' என்று போட்டால், புற்றுநோய் வருவது ஏதோ நல்ல காரியம்போலத் தொனிக்கிறது. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. உடனே, இறைச்சியும் சிகரெட்டும் ஒன்று என்ற பொருளில் உலகெங்கும் தலைப்புகள் வந்தன. அந்தப் பிரிவு சொல்வது சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே. தீங்கு எவ்வளவு பெரியது என்பதை அல்ல. அந்த முகமையே எடுத்துக்காட்டிய மதிப்பீட்டின்படி, உலகில் புகையிலையால் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் புற்றுநோயில் இறக்கிறார்கள். பதப்படுத்திய இறைச்சி அதிகமுள்ள உணவால் சுமார் 34,000 பேர்.

பழி முழுவதும் பத்திரிகைக்காரன்மீது விழுவதும் நியாயமில்லை. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை ஆராய்ந்த கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விலங்கு ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில், கண்டதை மனிதர்களுக்கும் பொருந்துவதாக மிகைப்படுத்தியவை 36 சதவீதம். அவற்றிலிருந்து பிறந்த செய்திகளில் 86 சதவீதம் அதே மிகையைச் சுமந்தன. குறிப்பு நிதானமாக இருந்தபோது அப்படி மிகைப்படுத்திய செய்திகள் 10 சதவீதம்தான். எலி என்ற சொல் பல்கலைக்கழக வாசலிலேயே தொலைந்துவிடுகிறது. எஞ்சி வந்தாலும், குறுகிய தலைப்பில் இடமில்லை என்று நாங்கள் எடுத்துவிடுகிறோம். நான் இப்போது எடுப்பதில்லை. எலிக்கு இரண்டே எழுத்து. அதற்கு இடமில்லை என்றால் 'அதிர்ச்சி'க்கும் இடமில்லை.

நம் ஊர்ப் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். "தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்று தயவுசெய்து தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். கலைச்சொல் வேண்டாம். எத்தனை பேரிடம் ஆய்வு செய்தீர்கள், எத்தனை பேருக்கு என்ன ஆனது, இந்த ஆய்விலிருந்து எதைச் சொல்ல முடியாது? இந்த மூன்றையும் உங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் விஞ்ஞானியின் எண்ணை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

அன்று அந்தப் பெண்ணைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கணினியில் மூலப் பிரதியைத் தேடி எடுத்து, வெட்டிய பத்தியை வரி வரியாக வாசித்தேன். "இவ்வளவுதானா?" என்றார். மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அம்மாவைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், இன்றைக்கே கேளுங்கள் என்றேன். பிறகு அவர் கேட்டார்: "இதையும் சேர்த்தே போட்டிருக்கலாமே, சார்?"

மறுநாள், அதே பக்கத்தில், கட்டம் கட்டி அந்தப் பத்தியைப் போட்டோம். ஏழு வரிதான் வந்தது.