சென்சார்: கணக்குப்பிள்ளையும் கத்தரிக்கோலும்

பேசாப்படக் காலத்தில், 1925இல், ஏட்ரியன் புருனெல் என்ற ஆங்கிலேய இயக்குநர் சில குட்டிக் கேலிப் படங்களை எடுத்தார். அவற்றில் ஒன்று ‘கட் இட் அவுட்’. துணைத்தலைப்பு: தணிக்கையாளர் ஒருவரின் வாழ்வில் ஒரு நாள். ‘வெட்டி எடு’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘போதும், நிறுத்து’ என்றும் கொள்ளலாம். முன்னது சென்சார் சொல்வது. பின்னது சென்சாரைப் பார்த்துச் சொல்வது.

கேலிக்குக் காரணம் இருந்தது. 1912இல் தொடங்கிய பிரிட்டிஷ் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் தலைவர் டி.பி. ஓ’கானர், வெட்ட வேண்டியவை என்று 43 காரணங்களை அடுக்கியிருந்தார். குடிவெறி, இருபொருள் தரும் தலைப்பு, முதலாளி–தொழிலாளி உறவு எல்லாம் அதில் உண்டு. இந்தியாவில் பணிபுரியும் பிரிட்டிஷ் அதிகாரிகளை இழிவாகக் காட்டுவதும் உண்டு.

சொல்லின் ஊர் ரோம். லத்தீனில் ‘சென்செரே’ என்றால் மதிப்பிடுதல். குடிகளை எண்ணிச் சொத்தைக் கணக்கிட்ட அதிகாரியே ‘சென்சார்’. சென்சஸும் இதே வேர்தான். குடிகளின் ஒழுக்கத்தையும் அவரே கண்காணித்தார். கி.மு. 184இல் அப்பதவிக்கு வந்த கேட்டோ, பட்டப்பகலில் மகள் பார்க்க மனைவியை முத்தமிட்ட ஒருவரைச் ரோமின் ஆட்சிமன்றமான செனட்டிலிருந்தே நீக்கினார் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். திரையில் முத்தத்தை வெட்டிய கத்தரிக்கோல்களுக்கு இவர்தான் பாட்டனார்.

தமிழில் இதற்குத் ‘தணிக்கை’ என்கிறோம். ‘தணி’ என்ற வினையிலிருந்து வந்தது, சூட்டைத் தணிப்பது போலக் காட்சியைத் தணிப்பது என்று சிலர் விளக்குவது அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. தெலுங்கில் ‘தனிகீ’, கன்னடத்தில் ‘தனிகே’ என்று ஆய்வையும் விசாரணையையும் குறிக்கும் சொற்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. கச்சேரி என்று அன்று சொன்ன அரசு அலுவலகங்களின் கணக்கு வழக்கில் புழங்கிய சொல் என்று கொள்வதே பொருத்தம். இன்றும் வங்கிக்கு வரும் தணிக்கையாளர் பேரேட்டைத்தான் புரட்டுகிறார், படச்சுருளை அல்ல.

வேர் எதுவானாலும், இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் தேட வேண்டியதில்லை. கணக்குப் பார்ப்பதும் ஒழுக்கம் பார்ப்பதும் ரோமில் ஒரே ஆளின் வேலை. ஆங்கிலத்தில் அவை பிரிந்து போயின. தமிழில் ஒரே சொல்லில் மீண்டும் சேர்ந்துவிட்டன.

வாரியங்களோ அந்தப் பெயரைக் கைவிட்டன. இந்தியாவில் 1983இல் அது ‘சான்றிதழ்’ வாரியமானது, பிரிட்டனில் 1980களின் நடுவில் ‘வகைப்படுத்தல்’ வாரியமானது. நம் பத்திரிகைகள் இன்னும் தணிக்கை வாரியம் என்றே எழுதுகின்றன.