தகைவிலானா, உழவாரனா?

மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குருவிகளின் படத்தைப் போட்டு, கீழே "உழவாரன்" என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கம்பியில் உட்கார்ந்துவிட்டாலே அது உழவாரன் இல்லை.

ஆங்கிலத்தில் ஸ்வாலோ என்பதுதான் நம் தகைவிலான். அந்தப் பெயருக்கும் விழுங்குவதற்கும் சம்பந்தமில்லை, இரண்டு வேறு வேர்ச்சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றிருக்கின்றன, அதனால் "விழுங்கி" என்று யாராவது மொழிபெயர்த்தால் சிரித்துவிட்டுப் போய்விடுங்கள். தகைதல் என்றால் தடுத்தல், நிறுத்துதல். தகைவு இலான், நில்லாமல் பறப்பவன். தமிழ் பைபிளின் 84ஆம் சங்கீதத்தில் அடைக்கலான் குருவிக்கு வீடு கிடைத்த அதே வரியில், தகைவிலான் குருவிக்குக் கூடும் கிடைத்திருக்கிறது.

ஸ்விஃப்ட் என்பது உழவாரன். உழவாரம் புல் செதுக்கும் கருவி, அப்பர் சிலையின் கையில் இருப்பது. பறக்கும்போது தெரியும் உருவத்தை வைத்துத்தான் பெயர் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இரண்டும் பறந்தபடியே பூச்சி பிடிப்பவை, இரண்டுக்கும் நீண்ட இறக்கை, ஆனால் உறவே கிடையாது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸே 1758இல் ஏமாந்து உழவாரனைத் தகைவிலானின் பேரினத்தில் சேர்த்துவிட்டார், நாம் ஏமாறுவதில் என்ன அதிசயம்! உண்மையில் உழவாரனுக்கு நெருங்கிய சொந்தம் தேன்சிட்டு மாதிரித் தோன்றும் அமெரிக்க ஓசனிச்சிட்டு, அதாவது ஹம்மிங்பேர்ட். தகைவிலானோ காக்கை, மைனா எல்லாம் அடங்கிய பெரிய வரிசையைச் சேர்ந்தது. வாலை வைத்து முடிவு செய்யாதீர்கள், பனை உழவாரனுக்கும் பிளவுபட்ட வால்தான். காலைப் பாருங்கள். உழவாரனின் விரல்கள் சுவரிலோ ஓலையிலோ தொற்றிக்கொள்ளத்தான் உதவும், கம்பியைப் பிடித்து உட்கார வராது. அதன் குடும்பத்துக்கு அறிவியலில் வைத்த பெயரே "காலில்லாதது" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். கூடும் வேறு. தகைவிலான்களில் பல ஈரமண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து கட்டும், பனை உழவாரன் எச்சிலால் பனையோலையின் அடியில் ஒட்டிவிடும்.

இதில் வேடிக்கை, ஐரோப்பாவில் கூடு கட்டும் சாதாரண உழவாரன்களில் சில, வருடத்தில் 10 மாதம் தரையிறங்காமலே இருப்பதாக 2016இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அப்படிப் பார்த்தால் தகைவிலான் என்ற பெயர் அதற்குத்தான் போயிருக்க வேண்டும். நம் தகைவிலானோ கம்பியில் உட்கார்ந்து நிதானமாக இறகு கோதிக்கொண்டிருக்கிறது.