நுண் ஆர்.என்.ஏ.: சொல் விளக்கம்

ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகள் (ஆர்.என்.ஏ. இழையைக் கோக்கும் அடிப்படைக் கூறுகள்) நீளமே உடைய, தானாக எந்தப் புரதத்தையும் உருவாக்காத, ஆனால் பிற மரபணுக்களின் புரத உற்பத்தியைத் தணிக்கவல்ல ஆர்.என்.ஏ. இழையையே மைக்ரோஆர்.என்.ஏ. என்கிறோம். இது ஆர்கோனாட் என்னும் புரதத்தோடு சேர்ந்து, தன் வரிசைக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்வதற்கான மரபணுச் செய்தியை ஏந்திச் செல்லும் இழையைப் பற்றி, அதிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கிறது. அல்லது அதைச் சிதையச் செய்கிறது. இழையின் 2ஆம் இடம் முதல் 8ஆம் இடம் வரை பொருந்தினாலே பெரும்பாலும் போதும் என்பதால், ஒரே இழை நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கட்டுப்படுத்த முடிகிறது.

'மைக்ரோ' என்பது சிறியது என்று பொருள்படும் 'மிக்ரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. இழை முதலில் கிடைத்தது. பெயர் பின்னர் வந்தது. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவில் லின்-4 என்ற முதல் இழையையும் அது செயல்படும் விதத்தையும் வெளியிட்டன. அது புழுவுக்கே உரிய விந்தை என்ற எண்ணம், மனிதரிடமும் காணப்படும் லெட்-7 2000இல் வெளிப்பட்ட பிறகே மாறியது. மைக்ரோஆர்.என்.ஏ. என்ற பெயர் 2001இல் நிலைபெற்றது. ஆம்ப்ரோஸும் ருவ்குனும் 2024இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

தமிழில் குறு ஆர்.என்.ஏ., சிறு ஆர்.என்.ஏ. என்றும் எழுதலாம். ஆயினும் 'சிறு' என்பது நீளம் குறைந்த பலவகை ஆர்.என்.ஏ. இழைகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக வேண்டியிருக்கிறது. 'குறு' நீளத்தை மட்டுமே சொல்கிறது. நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று முன்பே வேரூன்றிய 'நுண்', அளவின் சிறுமையோடு செயலின் நுட்பத்தையும் உணர்த்துகிறது. இவ்விழைகள் பெரும்பாலான இலக்குப் புரதங்களை முற்றாக நிறுத்துவதில்லை, ஓரளவே குறைக்கின்றன என்பதால் நுண் ஆர்.என்.ஏ. என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. புணர்ச்சி விதிப்படி 'நுண்ணார்.என்.ஏ.' என்றாகும், படிப்பவர் தெளிவுக்காகப் பிரித்தெழுதுவதே நன்று.

நோயெதிர்ப்பில் இந்த நுட்பம் கண்கூடாகத் தெரிகிறது. பாக்டீரியாவின் நச்சுக்கூறு தட்டுப்பட்டதும் என்.எஃப்.-கப்பா பி என்ற புரதம் அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை இயக்குகிறது. அவற்றோடு மிர்-146ஏ என்ற நுண் ஆர்.என்.ஏ.வும் உருவாகி, அந்தத் தூண்டலைக் கடத்தும் டிராஃப்6, ஐராக்1 புரதங்களைக் குறைத்து, எழுந்த அழற்சியை அடக்குகிறது. மிர்-146ஏவுக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு வயது ஏறும்போது தன்னுடல் தாக்குநோய், அதாவது உடலின் காப்புப்படை உடலையே தாக்கும் நிலை, உண்டாகிறது. அத்தகைய நோய்களில் ஒன்றான லூபஸ் கண்ட நோயாளிகளின் இரத்த வெள்ளணுக்களில் மிர்-146ஏ குறைந்திருப்பதும் பதிவாகியுள்ளது.

மிர்-155 இதற்கு எதிர்த்திசையில் இயங்குவது. அழற்சியை அடக்கும் ஷிப்1, சாக்ஸ்1 புரதங்களை அது குறைப்பதால் அழற்சி வலுக்கிறது. அது இல்லாத எலிகளுக்கு, தண்டுவட மரப்பு நோயை (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) ஒத்த மூளை அழற்சியைச் செயற்கையாகத் தூண்டினாலும் நோய் கடுமையாவதில்லை. ஆனால் அதே எலிகளின் எதிர்ப்பொருள் உற்பத்தியும் தளர்ந்துவிடுவதால், இதை மருந்தால் அடக்க முனைவோர் தொற்றுக்கு எதிரான காப்பும் குறையக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது: அங்கே மிர்-146ஏ மிகுந்திருந்தும், நோயாளிகளின் வெள்ளணுக்களில் டிராஃப்6, ஐராக்1 அளவுகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை.