பழச்சாறு வராத அந்த நொடி

"கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. அவர் ராத்திரியில் தனியாக ஆபாசப் படம் பார்ப்பது எனக்குத் தெரியும். சண்டை எதுவும் இல்லை. ஆனால் முன்பு போலப் பேசுவதில்லை. அந்தப் பெண்களோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கிறாரா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

இந்தச் சந்தேகம் பலருக்கும் உண்டு, ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது. 1989-ல் அமெரிக்காவில் உளவியலாளர் டக்ளஸ் கென்ரிக் குழுவினர் பிளேபாய் என்ற ஆண்கள் பத்திரிகையின் நடுப்பக்க நிர்வாணப் படங்களைக் காட்டிவிட்டு, துணைமீது எவ்வளவு காதல் என்று கேட்டார்கள். படம் பார்த்த ஆண்கள் குறைத்துச் சொன்னார்கள். பல ஆண்டுகள் இதையே ஆதாரமாகக் காட்டி வந்தார்கள். 2017-ல் கனடாவில் ரோண்டா பல்சரினி குழுவினர் இன்னும் நிறையப் பேரை வைத்து மூன்று முறை செய்து பார்த்தார்கள். அந்த விளைவு வரவே இல்லை! பழைய சோதனையைத் திரும்பச் செய்கிறேன் என்றால் நிதி கிடைப்பது கஷ்டம். அந்த வேலைக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன் நான்.

சரி, அப்படியானால் பாதிப்பே இல்லையா? அதே 2017-ல் 50 ஆய்வுகளை, 50,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, இப்படங்களைப் பார்க்கும் ஆண்களிடம் உறவில் திருப்தி சற்றுக் குறைவாக இருந்தது. பார்ப்பதால் திருப்தி குறைகிறதா, திருப்தி குறைந்ததால் பார்க்கிறார்களா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் சிலரை மூன்று வாரம் ஆபாசப் படத்தை நிறுத்தச் சொன்னார்கள். வேறு சிலரைப் பிடித்த உணவு ஒன்றை விடச் சொன்னார்கள். படத்தை நிறுத்தியவர்கள்தான் துணையிடம் கூடுதல் பிடிப்பு இருப்பதாகச் சொன்னார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மூளை ஆராய்ச்சியாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குரங்குகள்தான் நினைவுக்கு வரும். குரங்கின் நடுமூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களின் அருகே மெல்லிய மின்முனையை வைத்து, வாயில் ஒரு துளி பழச்சாறு விட்டார். நரம்பணு படபடவென்று துடித்தது. அப்புறம், சாறு வருவதற்குச் சற்று முன்பு ஒரு விளக்கு எரியும்படி செய்தார். சில நாளில் குரங்கு பழகிக்கொண்டது. இப்போது விளக்கு எரிந்ததுமே துடிப்பு வந்துவிட்டது. சாறு நாக்கில் விழும்போது நரம்பணு கூடுதலாகத் துடிக்கவில்லை, எப்போதும் உள்ள மெதுவான துடிப்போடு நின்றுகொண்டது. சாறு என்னவோ அதே சாறுதான்!

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது. விளக்கை எரியவிட்டு, சாறு தராமல் விட்டார். சாறு வந்திருக்க வேண்டிய அதே நேரத்தில், வழக்கமாக மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் துடிப்புகூட ஒரு கணம் அடங்கிப்போனது. வெளியே எந்த ஓசையும் இல்லை, அசைவும் இல்லை. ஆனாலும் வராத ஒன்றை, அது வராத நேரத்தோடு சேர்த்து அந்த அணு குறித்துக்கொண்டது. டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே அது போட்டுக்கொண்டிருப்பது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசக் கணக்கு.

இதை மனிதருக்குப் பொருத்துவது என் ஊகம். விளக்கின் இடத்தில் ராத்திரி பதினொரு மணி, தனிமை, கையில் செல்போன். ஆசை மெல்ல அந்த நேரத்தின்மீதே ஒட்டிக்கொள்கிறது. பார்த்த காட்சியில் வியப்பு தீர்ந்துவிடுவதால் விரல் அடுத்ததைத் தேடுகிறது. இதில் மனைவியோடு ஒப்பீடு எதுவும் தேவையில்லை. அவரோடு பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் கைமாறிப் போகிறது, அவ்வளவுதான்.

இதோடு குற்ற உணர்வும் சேர்கிறது. 'இது பாவம்' என்று நம்பிக்கொண்டே பார்ப்பவர்கள், குறைவாகப் பார்த்தாலும் தங்களை அடிமை என்று எண்ணிக்கொள்வதை ஜோஷுவா கிரப்ஸ் என்ற உளவியலாளர் தொடர்ந்து காட்டியிருக்கிறார். நம் ஊரில் இந்தப் பயத்தை வைத்தே பிழைக்கும் லாட்ஜ் வைத்தியர்கள் இருக்கிறார்கள். 'நரம்புத் தளர்ச்சி, விந்து வீணானால் ஆயுள் குறையும்' என்று மிரட்டி லேகியம் விற்கிறார்கள். விந்து போவதால் நரம்பு தளராது, ஆயுளும் குறையாது. இந்த மிரட்டலைக் கேட்டு வளர்ந்தவன் மனைவியிடம் எப்படி வாய் திறப்பான்? செல்போனைக் கவிழ்த்து வைப்பான், அவர் தூங்கும்வரை காத்திருப்பான். அதைப் பார்க்கும் மனைவிக்கு, தன்னை அழகில்லை என்று ஒதுக்குவதாகத்தான் தோன்றும். வாசகியின் வீட்டில் நடப்பதும் இதுவாக இருக்கலாம். அவர் கணவரிடம் கேட்டால்தான் தெரியும்.