குயில்ட் அட்டையைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பூப்போட்ட காகிதத்தைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, இடைவெளி தெரியாமல் அட்டையில் பொருத்தி ஒட்டி, ஓரத்தில் ஊசி நூலால் தையல் ஓட்டிய வாழ்த்து அட்டையைக் கைவேலை செய்பவர்கள் 'குயில்ட் கார்டு' என்கிறார்கள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது குவில்லிங் இல்லை. மெல்லிய காகித நாடாவைச் சுருட்டிப் பூவும் தோடும் செய்வதுதான் குவில்லிங். இறகைக் குறிக்கும் 'குவில்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். குயில்ட்டுக்கும் இறகுக்கும் உறவு கிடையாது.

குயில்ட்டின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே 'குல்கிதா' என்றால் உள்ளே எதையாவது அடைத்துத் தைத்த மெத்தை. பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. கீழே விரித்துப் படுப்பதைக் குறித்த சொல், போகப்போக மேலே போர்த்துவதைக் குறிக்கத் தொடங்கியது. போர்த்துகீசிய மொழியில் மேலே போர்த்துவதைக் குறிக்கும் சொல் 'கோல்ச்சா'. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசியர் வங்காளத்திலிருந்து கப்பலேற்றிய பூத்தையல் போர்வைகளுக்கு அதுதான் பெயர்.

குயில்ட் என்றதும் பலவண்ணத் துண்டுகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் துண்டுகள் குயில்ட்டின் இலக்கணம் அல்ல. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் ஊடுருவித் தைத்துப் பிடித்தால்தான் அது குயில்ட். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள டிரிஸ்டன் குயில்ட், 14ஆம் நூற்றாண்டில் சிசிலியில் செய்யப்பட்டது. அதில் வண்ணத் துண்டுகளே இல்லை. லினன் துணியில் தையலும் பஞ்சடைப்பும் சேர்ந்து உருவங்களை மேலெழுப்பிக் காட்டுகின்றன. துண்டுகளை இணைக்கும் வேலைக்குப் பெயர் பேட்ச்வொர்க். அது தனிக் கலை. இரண்டையும் ஒரே போர்வையில் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்.

காகிதத்துக்கும் இந்தக் கலைக்கும் பழைய நட்பு உண்டு. இங்கிலாந்தில் துண்டுத்துணியைக் வடிவமாக வெட்டிய காகிதத்தின் மேல் மடித்துத் தைத்து, பிறகு துண்டுகளை இணைக்கும் முறை இருந்தது. 1718ஆம் ஆண்டு பொறித்த பட்டுப் போர்வை ஒன்றில் அந்தக் காகிதங்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. போர்வைக்குள் ஒளிந்திருந்த காகிதம் அட்டையில் வெளியே வந்து நிற்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தைத்தலுக்கு நம்மிடம் 'துன்னல்' என்ற அருமையான பழஞ்சொல் உண்டு. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் வந்த பொருநன் உடுத்திருந்தது 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்'. வேறு நூல் நுழைத்துத் தைத்துத் தைத்தே நின்ற கந்தல் அது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் தையல்காரர்களுக்குத் 'துன்னகாரர்' என்று பெயர். ஆனால் இன்று கடையில் போய்த் துன்னல் என்றால் யாருக்கும் புரியாது. 'கந்தை' இன்னொரு உறவுச்சொல். துண்டுகளைத் தைத்துச் சேர்த்த உடையைக் குறிக்கும் வடமொழிச் சொல் அது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த காந்தா போர்வையாக உயர்ந்த சொல், நம்மிடம் கிழிசலோடு நின்றுவிட்டது. வாழ்த்து அட்டைக்கு அதை வைக்க மனம் வராது.

ஆகவே புழக்கத்தில் இருக்கும் சொற்களையே எடுத்துக்கொள்ளலாம். 'ஒட்டுப் போட்ட சட்டை' என்கிறோமே, அந்த ஒட்டு போதும். பேட்ச்வொர்க்குக்கு ஒட்டுத்தையல், குயில்ட்டிங்குக்கு அடுக்குத்தையல். 'ஒட்டுப்போர்வை' என்று குயில்ட்டை மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. டிரிஸ்டன் குயில்ட்டுக்கு அது பொருந்தாது என்பதால் நான் ஏற்பதில்லை. கோயில் தேரில் தொங்கும் தொம்பையில் இருப்பது மூன்றாவது வகை. துணி மேல் துணி வைத்துத் தைக்கும் அப்ளிக் அது, அதை மேலொட்டு எனலாம்.

இந்தக் கணக்கில் பெரும்பாலான குயில்ட் அட்டைகள் ஒட்டுத்தையல் அட்டைகளே. அடுக்குத்தையல் அட்டை வேண்டுமென்றால், வெட்டிய துண்டுகளை மெல்லிய துணியில் ஒட்டி, அதற்கும் அட்டைக்கும் நடுவே ஃபெல்ட் துணி ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடையுள்ள) அட்டை தையலைத் தாங்கும். நேரே ஊசி குத்தினால் அட்டை மடங்கிவிடும். தெர்மாகோல் மேல் வைத்து முதலில் துளைகளை இட்டுக்கொள்ளுங்கள். துளைகளுக்கு நடுவே ஐந்து மில்லிமீட்டராவது விடவேண்டும், நெருங்கினால் தபால்தலை போலக் கிழிந்து வரும். எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டோ மூன்றோ எடுத்தால் போதும். அப்புறம், முடிச்சுப் போட்டால் முன்பக்கம் புடைத்துத் தெரியும் என்பதால், நூல்முனையை உட்பக்கம் டேப்பால் ஒட்டி, அதை மறைக்க ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டு வாழ்த்தை எழுதுங்கள்.