கிடங்கு ரசீது: ரசீது என்ற பெயரில் ஒரு சரக்கு

ஈரோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் பத்து மூட்டை மஞ்சளைக் கிடங்கில் இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை போடுகிறார்கள். குத்தூசியால் மூட்டையைக் குத்தி மாதிரி எடுத்து, ஈரப்பதம் பார்த்து, தரம் எழுதுகிறார்கள். கடைசியில் அவர் பெயரில் ஒரு பதிவு விழுகிறது. அதுதான் கிடங்கு ரசீது.

ரசீது என்றதும் நமக்குக் கரன்ட் பில் கட்டியதும் கிழித்துத் தரும் துண்டுக் காகிதம்தான் ஞாபகம் வரும். காசு கொடுத்தாச்சு, கதை முடிந்தது. இங்கே கதை அப்போதுதான் தொடங்குகிறது. இதைக் காட்டி வங்கியில் கடன் வாங்கலாம்; இதையே இன்னொருவர் பெயருக்கு மாற்றி மஞ்சளை விற்றுவிடலாம். மூட்டை இருந்த இடத்திலேயே இருக்கும், உரிமை மட்டும் நகரும்.

ரசீது பாரசீகச் சொல். 'ரஸீத்' என்றால் 'வந்து சேர்ந்தது'. சரக்கு வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி என்ற வகையில் பொருத்தம்தான். ஈழத்தில் ரசீதைப் பற்றுச்சீட்டு என்றே சொல்கிறார்கள், அதுவும் நல்ல சொல்.

கிடங்கின் கதை இன்னும் நீளம். 'கிட' என்ற வேரிலிருந்து வந்தது. சங்கப் பாடல்களில் கிடங்கு என்றால் கோட்டையைச் சுற்றிய அகழி. பள்ளம் என்ற பொருள் பின்னால் சரக்கு கிடக்கும் இடத்துக்கு நகர்ந்தது. நாம் ஆங்கிலம் என்று நினைக்கும் 'குடோன்' மலாய் மொழியின் 'குடாங்' வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அந்தக் குடாங்கே தமிழ்க் கிடங்கிலிருந்தோ தெலுங்குக் கிட்டங்கியிலிருந்தோ போனது என்று கருதுவோர் உண்டு. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தார் உட்கார்ந்து வட்டிக்கடை நடத்திய இடத்துக்கும் கிட்டங்கி என்றுதான் பெயர். சரக்கு வைக்கும் இடத்துக்கான பெயர் கடன் கொடுக்கும் இடத்துக்கும் ஆகிவந்திருக்கிறது. கிடங்கு ரசீது செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

சட்டத்தில் கிடங்கு ரசீதுக்கு முன்னால் 'நெகோஷியபிள்' (negotiable) என்று ஓர் அடைமொழி உண்டு: ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாற்றத்தக்கது என்று பொருள். அகராதியைப் பார்த்து இதைப் 'பேச்சுவார்த்தைக்குட்பட்ட' என்று எழுதினால் அபத்தம். இங்கே யாரும் பேரம் பேசவில்லை. 'கைமாற்று ரசீது' என்றாலும் வம்பு; நம் ஊரில் கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன். 'கைமாறும்' என்பது போதும்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 2007-இல் வந்தது, 2010-இல் நடைமுறைக்கு வந்தது. 2017-இல் மின்னணு வடிவம் தொடங்கியது. 2019 ஆகஸ்ட் முதல் கைமாறும் ரசீது மின்னணுவில் மட்டும்தான். அறுவடை முடிந்த கையோடு எல்லாரும் விற்க வருவதால் விலை விழும்; வீட்டுச் செலவும் பழைய கடனும் நெருக்க, சிறு விவசாயியால் காத்திருக்க முடியாது. அந்த இரண்டு மூன்று மாதத்தைத்தான் இந்த ரசீது வாங்கித் தருகிறது. தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் இதையே வேறு பெயரில் வெகுகாலமாகச் செய்கின்றன: பொருளீட்டுக் கடன். விளைபொருளை ஈடாக வைத்தால் மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாளுக்குக் கடன். பொருள் ஈட்டுவதற்கான கடன் என்றும் அதைப் பிரித்துப் படிக்கலாம். பெயர் வைத்தவர் அதை யோசித்தாரோ என்னவோ.

அப்புறம், பண்டச் சந்தை, அதாவது விளைபொருளை ஒப்பந்தங்களாக வாங்கி விற்கும் கமாடிட்டி எக்ஸ்சேஞ்ச். இதைப் 'பண்டமாற்றுச் சந்தை' என்று எழுதாதீர்கள். பண்டமாற்று என்றால் உப்புக்கு நெல் வாங்குவது. பண்டச் சந்தையில் ஒரு மஞ்சள் ஒப்பந்தம் 5 டன். பத்து மூட்டைக்காரர் தனியாக அங்கே நுழையவே முடியாது. விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஊரார் மூட்டைகளைச் சேர்த்து, தரம் பிரித்து, ஒரே ரசீதாக்கினால்தான் வழி. தரம் எழுதியிருப்பதால் வாங்குபவர் மூட்டையைப் பார்க்காமலேயே வாங்கலாம். கிடங்கு தூரமாக இருந்தால் வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும் என்பதும் உண்மை. அதற்குச் சொல்லில் தீர்வு இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'கிடங்குச் சீட்டு' என்பது என் தேர்வு. சட்ட வழக்குக்குக் 'கைமாறும் கிடங்குச் சீட்டு'. காகிதமே இல்லாதபோது சீட்டு எப்படி என்று கேட்கலாம். மாதாமாதம் சீட்டு கட்டுகிறோமே, அதில் மட்டும் காகிதமா கட்டுகிறோம்?