மீதரவு: சொல்லும் பொருளும்

ஓர் அச்சுநூலைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து முடித்தால் கையில் மிஞ்சுவது எண்ணிட்ட படக்கோப்புகளின் குவியல்தான். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, எந்த இயல் எந்தப் படத்தில் தொடங்குகிறது என்னும் விவரங்களைச் சேர்த்த பிறகே அக்குவியல் மறுபடியும் நூலாகிறது. அவ்விவரங்களை ஆங்கில வழி மெட்டாடேட்டா என்கிறோம். தமிழில் மேனிலைத் தரவு என்றும் மீதரவு என்றும் எழுதுகிறோம்.

‘மெட்டா’ கிரேக்கச் சொல். ‘உடன்’, ‘பின்’ என்பன அதன் பழைய பொருள்கள். அரிஸ்டாட்டிலின் இயற்பியல் நூலுக்குப் பின் அடுக்கப்பட்ட நூல்கள் ‘மெட்டாபிசிக்ஸ்’ எனப் பெயர் பெற்றதிலிருந்து ‘அப்பாற்பட்டது’, ‘ஒன்றைப் பற்றியது’ என்னும் பொருள்கள் கிளைத்தன. கணினியறிஞர் பிலிப் பாக்லி 1968இல் கணினி நிரல்மொழிகளைப் பற்றி எழுதியபோது மெட்டாடேட்டா என்னும் சொல்லை ஆண்டார்.

‘டேட்டா’ என்பது ‘தரப்பட்டவை’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். ‘தா’ என்னும் வினையடியாகப் பிறந்த நம் ‘தரவு’ அதற்கு வேரளவிலேயே ஒத்துவருகிறது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் இதுவே பெயர். ‘மீ’ என்பதில்தான் சிக்கல். அது மேலிடத்தைக் குறிப்பது. மீயுரை, மீப்பெரு என மிகுதிப்பொருளிலும் வழங்குவதால் ‘மிகப்பெரிய தரவு’ என ஒருவர் மயங்கக்கூடும். ஆயினும் மீதரவு வடிவம், மீதரவுப் பட்டியல் என எளிதில் தொடராவதால் இச்சொல்லையே நான் தேர்வேன். மீதரவா, மீத்தரவா என்று சண்டையிடவும் வேண்டியதில்லை: ‘மீ’ முன் வல்லினம் இயல்பாகவும் மிக்கும் வரலாம் என்கிறது நன்னூல்.

அதே நன்னூல், ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினை நூலின் முகவுரையான சிறப்புப்பாயிரம் காட்ட வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டப்ளினில் 1995இல் கூடிய பட்டறையிலிருந்து உருவான டப்ளின் கோர் என்னும் மீதரவுத் தரம் 15 கூறுகளைக் கொண்டது. ஆக்கியவர், தலைப்பு, பொருள், மூலம் ஆகியவை அதிலும் உள்ளன. எனவே சொல் புதிதே தவிர, வழக்கம் நமக்குப் பழையது.

இவ்விவரங்களைக் கையாள மென்பொருள்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்தொகுதிக்கும் ஆங்கிலத்தில் ‘லைப்ரரி’ என்றே பெயர். அதை நூலகம் என்று பெயர்த்தால் ‘நூலகங்களுக்கான நூலகம்’ என்னும் விந்தையான தொடர் வந்து நிற்கும்; நிரலகம் என்பதே தெளிவு. நூல்களை மின்மயமாக்க ஜெர்மானிய நூலகங்களில் வழங்கும் கூபி மென்பொருளில், ஜாவா நிரல்மொழியில் எழுதிய இத்தகைய நிரலகம் ஒன்று உண்டு. அது நூலை, தொகுதி, இயல், பக்கம் எனக் கிளைபிரியும் மரமாக உருவகித்து, எந்தக் கிளையில் எந்த மீதரவு வரலாம், எத்தனை முறை வரலாம் என்பதைத் தனி விதிக்கோப்பிலிருந்து படித்தறிகிறது. நூற்பட்டியலின் பிகா வடிவத்தில் வந்த தலைப்பு, அமைப்பை விவரிக்கும் மெட்ஸ் கோப்புக்குள், நூல்விவரம் கூறும் மோட்ஸ் பகுதியாக மாறி வெளியேறுவது அவ்விதியின் வழியேதான்.